இரும்பு மாத்திரையும் சாயத்தண்ணியும்



பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை என்று மலை ஏறி, பிறகு பிபிலை, மகாஓயா என்று இறங்கி ஓடுகிற ஏ-5 பெருவீதி எங்கே முடிகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். செங்கலடியில் முடிகிறது. அங்கே மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் போய்ச் சேருகிறது. செங்கலடிக்காரர்கள் இந்த வீதியை 'பதுளை வீதி' என்றுதான் சொல்வார்கள். கீழே இருந்து கருவாடு மேலே ஏறுகிறது. மேலே இருந்து தேயிலைத்தூள் கீழே இறங்குகிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்முடைய சனங்களில் ஒரு பகுதியும் கிழக்குப் பக்கம் இறங்கிப் போனது. அதனால் மலையில் தங்கச்சியும் செங்கலடியில் அக்காவும் இருக்கிற குடும்பங்கள் நமக்குப் புதிதல்ல.

அப்படியான ஓர் அக்கா தங்கச்சியின் கதையோடுதான் இந்த முறை விஷயத்துக்கு வருகிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

தங்கச்சி கொழுந்து பறிக்கிறவர். இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம். அக்கா வீட்டு விசேஷத்துக்காகச் செங்கலடிக்கு வந்திருந்தார். கிளினிக் கொப்பியில் ஈமோகுளோபின் 9.2 என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தின மாதமும் அதேதான். "மாத்திரையை ஒழுங்கா குடிக்கிறதில்ல, எங்கயோ வீசிப்புட்டு வந்து இங்க பொய் சொல்றது" என்று கிளினிக்கில் ஏச்சு வேறு வாங்கியிருக்கிறார். பாவம், அவர் ஒரு நாள்கூட விடவில்லை. ஏச்சுக்கேட்ட பிறகு அழுததைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவும் இல்லை.

அன்று காலை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி ரொட்டி சாப்பிட்டார். மாத்திரையை வாயில் போட்டார். மடமடவென்று ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்தார்.

"எப்பவும் இப்பிடித்தான் குடிக்கிறியா?"

"வேற எப்பிடிக்கா? மலைக்குப் போற அவசரத்துல சுடுதண்ணியா ஆறவச்சுக் குடிக்கிறது?"

"குளிசை சரிடி. சாயத்தண்ணிதான் பிழை" என்றார் அக்கா. மூன்று வருடத்துக்கு முந்தி அவருக்கும் இதே இரத்தக்குறைவு இருந்தது. அப்போது கிளினிக்கில், "இந்தக் குளிசையை எப்ப குடிக்கிறது, எதோட குடிக்கிறது, எதோட குடிக்கக்கூடாது?" என்று வாய் திறந்து கேட்டவர் அவர். கேட்டதால்தான் பதில் கிடைத்தது.

விஷயம் இதுதான். நம்முடைய இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஈமோகுளோபின். மூச்சுக்காற்றில் இருக்கிற ஒட்சிசனை உடம்பு முழுக்கச் சுமந்துபோகிற கூலியாள் அது. அந்தக் கூலியாளுக்கு இரும்புச்சத்து வேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12க்குக் குறைந்தால், கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால், இரத்தச்சோகை என்கிறார்கள். கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் அது ஆபத்தான நிலை. மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, தலை சுற்றுவது, பத்து மணிக்கே கை கால் சோர்ந்துபோவது, இதெல்லாம் அதன் அடையாளம். 'பேர்' விழுகிற அளவுக்குக் கொழுந்து எடுக்க முடியவில்லை என்றால் எல்லாரும் சோம்பல் என்கிறார்கள். பல நேரம் அது சோம்பல் அல்ல. பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் போனால், ஏற்கெனவே குறைந்த இரத்தம் உள்ள தாய்க்கு அதைத் தாங்க வலு இல்லை. பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கக்கூடும். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

இனி சாயத்தண்ணி. தேயிலையில் துவர்ப்பைக் கொடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. தனின் என்று பொதுவாகச் சொல்வது அதைத்தான். சோறு, ரொட்டி, பருப்பு, கீரை இவற்றில் இருக்கிற இரும்பை இது வயிற்றுக்குள்ளேயே பிடித்துக் கட்டிப்போடுகிறது. கட்டுப்பட்ட இரும்பு இரத்தத்துக்குள் ஏறாது, வெளியே போய்விடும். தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975ஆம் ஆண்டிலேயே இதை அளந்து பார்த்து வெளியிட்டார்கள். பாணும், சோறும் கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அதோடு தேநீர் குடித்தபோது உடம்பு எடுத்துக்கொண்ட இரும்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. பால் ஊற்றிக் குடித்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். பாலிலுள்ள கல்சியமும் இரும்புக்கு ஒரு தடைதான். கோப்பியும் அப்படியே.

நாம் இங்கே தேயிலையைப் பழிக்க வரவில்லை. அதுதான் நம் சோறு. விடியற்காலைக் குளிரில் ஒரு கோப்பை இல்லாமல் யார் மலைக்குப் போவது? குடிக்கிற நேரத்தை மாற்றினால் போதும். 2017இல் இங்கிலாந்துப் பெண்களிடம் செய்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடித்தபோது இந்தப் பாதிப்பு நன்றாகக் குறைந்தது கண்டறியப்பட்டது. எழும்பியவுடன் ஒரு சாயத்தண்ணி குடித்துவிட்டு வேலை பார்த்து, ஒரு மணித்தியாலம் கழித்து ரொட்டி சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடியுங்கள். மலையில் தேத்தண்ணி நேரம் வரும்போது மறுபடி குடியுங்கள். மத்தியானச் சோற்றுக்கும் அதே மாதிரி. மாத்திரையை மட்டும் தேத்தண்ணியோடு ஒருநாளும் வேண்டாம். இராச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கப்போகும்போது ஆறின தண்ணீரோடு விழுங்குவது நம் தோட்டத்து வாழ்க்கைக்குத் தோதான நேரம். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம், கொஞ்சம் இரும்பு குறையும், அவ்வளவுதான். வாந்தி எடுத்து மாத்திரையையே விடுவதைவிட அது நல்லது.

இரும்புக்கு ஒரு நண்பனும் உண்டு: விற்றமின் சி. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா, அம்பரெல்லா எல்லாவற்றிலும் இருக்கிறது. கீரைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்தால், கீரையிலுள்ள இரும்பில் கூடுதலான பங்கு உடம்பில் சேரும். கொதிக்கும்போது பிழிந்தால் விற்றமின் சூட்டில் அழியும். பழைய ஆட்கள் சுண்டலுக்குப் புளி விட்டது ருசிக்காகத்தான், ஆனாலும் கைவாக்கில் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

இப்போது நம் தட்டைப் பார்ப்போம். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கிழங்குக் கறி, சாயத்தண்ணி. வயிறு நிறையும், இரும்பு ஏறாது. செங்கலடி அக்கா வீட்டில் வாவி மீன், இறால், சில நாள் மட்டி. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு உடம்பில் இலேசாகச் சேரும். தவிர, கொஞ்சம் மீன் சேர்ந்தாலே அதே தட்டில் இருக்கிற கீரையின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும். இதை வைத்து, வாவிக்கரையில் எல்லாருக்கும் நல்ல இரத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்காவுக்கே குறைந்துதானே இருந்தது? மீன் கிடைக்கிற ஊரிலும் சோறு தின்ற கையோடு பால் தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் இருக்கிறது. நல்ல துண்டு ஆம்பிளைக்கும் பிள்ளைக்கும், சட்டியில் மிஞ்சிய குழம்பு அம்மாவுக்கு என்கிற பழக்கமும் இருக்கிறது. அது மலையிலும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். தகப்பன்மார்களே, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

மேலே வாவி மீன் கிடைக்காது, உண்மை. ஆனால் நெத்தலிக் கருவாடு கிடைக்கும். உப்புப் போக நன்றாகக் கழுவி, ஒரு கைப்பிடி போட்டால் ஒரு சட்டிக் கறிக்குப் போதும். பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டை அடிக்கடி வைக்க வேண்டாம், முட்டையும் பருப்பும் வைத்துக்கொள்ளட்டும். பயறு, கௌபி, கடலையை இராத்திரி ஊறப்போட்டு முளைக்க வைத்து அவித்தால், அவற்றின் இரும்பு இன்னும் சுலபமாகச் சேரும். லயத்துப் பின்பக்கம் ஒரு முருங்கை நட இடம் இல்லையென்றால், பொன்னாங்காணி ஒரு பழைய வாளியில்கூட வரும். கிளினிக்கில் கிடைக்கிற திரிபோஷ கர்ப்பிணிக்கு என்று கொடுப்பது, வீட்டிலுள்ள எல்லாருக்கும் உருண்டை பிடிக்க அல்ல.

பீட்ரூட் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று நம்பிப் பலர் காசு செலவழிக்கிறார்கள். பீட்ரூட் நல்ல மரக்கறிதான். ஆனால் அதன் சிவப்பு வேறு, இரத்தத்தின் சிவப்பு வேறு. ஈரலில் இரும்பு நிறைய உண்டு, ஆனாலும் கர்ப்பிணிகள் அதை அடிக்கடி சாப்பிடக்கூடாது. அதிலுள்ள விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது.

சாப்பாட்டில் ஒரு சின்ன மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். நம்மைப்போலவே தோட்டக் கூலிக்காகக் கப்பல் ஏறியவர்கள் தென்னாபிரிக்காவிலும் இருக்கிறார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு முதல் தொகுதியைக் கொண்டுபோய் இறக்கியது. அவர்களுக்குக் கரும்புத் தோட்டம், நமக்குத் தேயிலைத் தோட்டம். டர்பன் பக்கத்திலுள்ள சாட்ஸ்வர்த் என்ற இந்தியர் குடியிருப்பில் பெண்களுக்கு இரும்புக்குறைவு அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மருந்து எழுதவில்லை. வீட்டுக் கறித்தூளில், மற்றச் சாப்பாட்டுப் பொருள்கள் சுலபத்தில் கட்டிப்போட முடியாத ஒரு வகை இரும்பைக் கலந்தார்கள். ஒரு பகுதி வீடுகளுக்குக் கலந்த தூள், மற்றப் பகுதிக்குச் சாதாரணத் தூள். இரும்புத் தூள் கிடைத்த வீட்டுப் பெண்களிடம் இரத்தச்சோகை வெகுவாகக் குறைந்தது. முடிவு 1989இல் வெளியானது. அதே கறி, அதே சோறு.

அதற்காக, சாப்பாடே போதும், மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஈமோகுளோபின் ஏற்கெனவே இறங்கிவிட்ட கர்ப்பிணிக்குக் கீரையும் கருவாடும் மட்டும் காணாது. பிள்ளை பிறக்க இருக்கிற நாள்களுக்குள் அந்தக் குறையைச் சாப்பாட்டால் நிரப்ப முடியாது. மாத்திரையை விடுகிற முக்கியமான காரணம் பயம். மலம் கறுப்பாகப் போகும், "உள்ளுக்குள்ள என்னமோ ஆகிப்போச்சு" என்று நினைத்து ஒரு தாய் மாத்திரை முழுவதையும் கானில் கொட்டியதை நாம் அறிவோம். இரும்பு மாத்திரை குடித்தால் மலம் கறுப்பாவது வழமை, பயப்பட ஒன்றுமில்லை. இதை ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த மாத்திரை கானுக்குப் போயிருக்காது. மலச்சிக்கலும் வரலாம். தாங்க முடியாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு வகை தரலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் கூடுதல் பங்கு சேருகிறது என்று 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது கர்ப்பிணிகளிடம் செய்ததல்ல. "எனக்கு அப்படிக் குடிக்கலாமா?" என்று கேட்கலாம், நாமாக மாற்றக்கூடாது.

ஒன்று சொல்ல மறக்கக்கூடாது. சிவப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கிற இந்த மாத்திரை சின்னப் பிள்ளைக்கு இனிப்பு மாதிரித் தெரியும். பல மாத்திரைகளை ஒன்றாக விழுங்கினால் பிள்ளை உயிருக்கே ஆபத்து. லயத்து அறையில் உயரமான இடத்தில், மூடி போட்டு வையுங்கள்.

ஒழுங்காகக் குடித்தும், நேரம் மாற்றியும், ஒரு மாதம் கழித்து ஈமோகுளோபின் ஏறவில்லை என்றால்? அங்கேதான் கேள்வி கேட்கவேண்டும். ஏச்சு வாங்கிக்கொண்டு வருவதற்கு நாம் கிளினிக்குக்குப் போகவில்லை. "ஐயா, நான் ஒரு நாளும் விடவில்லை, தேத்தண்ணியோடும் குடிக்கவில்லை. அப்படியிருந்தும் ஏன் ஏறவில்லை?" இந்த ஒரு கேள்வி போதும். நல்ல டொக்டர் கோபப்பட மாட்டார், யோசிப்பார். காரணம் பல இருக்கலாம்.

ஒன்று, கொக்கிப்புழு. மலையில் அட்டை உறிஞ்சுகிற இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, சுண்ணாம்பைத் தடவித் தட்டிவிடுகிறோம். குடலில் இருந்து உறிஞ்சுகிற கொக்கிப்புழு தெரிவதில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது பாதத்தின் வழியாக உள்ளே போகிறது. 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது என்றால், நம் பாட்டன் பாட்டிமார் எவ்வளவு இரத்தத்தை இந்தப் புழுவுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள். பூச்சி மருந்து கர்ப்பிணிக்கும் உண்டு, ஆனால் முதல் மூன்று மாதத்தில் கொடுப்பதில்லை. கொடுத்தார்களா என்று கொப்பியில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

இன்னொன்று, மாதவிடாய் அதிகமாகப் போவது, மூலத்தால் இரத்தம் போவது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் டொக்டருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது, தலசீமியா. இது பரம்பரையாக வருவது, இலங்கையில் அரிதல்ல. இதன் ஒரு கூற்றை மட்டும் சுமப்பவருக்கு நோய் என்று ஒன்றும் இராது, ஈமோகுளோபின் மட்டும் கொஞ்சம் குறைவாகவே நிற்கும், இரும்புக்குறைவு மாதிரியே தோன்றும். எவ்வளவு இரும்பு குடித்தாலும் ஏறாது. முழு இரத்தப் பரிசோதனையில் சிவப்பணு சின்னதாக இருந்தால் டொக்டர் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார். கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிறக்கிற பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு கடுமையான தலசீமியா வர. அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டி வரும். ஆகவே கலியாணத்துக்கு முந்தியே பார்த்துக்கொள்வது நல்லது. சாதகம் பார்க்கிற செலவோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்பது என்றால் டொக்டரோடு சண்டை போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அதே ஆட்கள், சம்பள நாளில் லயத்துக்கு வருகிற டொனிக்காரரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் காசை நீட்டுகிறார்கள். போத்தலில் திராட்சைப் படம் இருக்கும், உள்ளே எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று இராது. கேள்வி அங்கேயும் வேண்டும்.

பதுளை வீதியில் வருகிற பிபிலை ஊரின் பெயரை உடைய பேராசிரியர் சேனக பிபிலையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர். கம்பெனி சூட்டுகிற விளம்பரப் பெயரால் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரால் எழுதவேண்டும், வாங்கவேண்டும் என்று நின்றவர். 1977இல் காலமானார். அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படி: பெரஸ் சல்பேட் என்ற சாதாரண இரும்பு மாத்திரை அரச ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிறது, பாமசியில் வாங்கினாலும் விலை குறைவு. அதே இரும்பு அழகான பெட்டியில், வேறு பெயரில், பல மடங்கு விலைக்கு இருக்கும். "இதன் சொந்தப் பெயர் என்ன? இதே மருந்து விலை குறைவாக இருக்கிறதா?" என்று பாமசியில் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

பாஷை தெரியாது, எப்படிக் கேட்பது என்பீர்கள். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச ஆஸ்பத்திரியில் தமிழில் கேட்டுத் தமிழில் விளங்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. நடைமுறை வேறு மாதிரி என்பதை நாமும் அறிவோம். அதனால் போகும்போது படிக்கிற பிள்ளையை, அல்லது சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போங்கள். கேள்வியை முந்தின இரவே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். டொக்டர் முன்னால் போனவுடன் எல்லாருக்கும் மறந்துபோகும், நமக்கும் அப்படித்தான்.

மூச்சு விடமுடியாமல் இருந்தால், முகமும் காலும் வீங்கினால், இரத்தம் நிற்காமல் போனால், கேள்வி, தேசிக்காய் எல்லாம் பிறகு. உடனே ஆஸ்பத்திரிக்கு.

தங்கச்சி ஊருக்குத் திரும்பி, மாத்திரையைப் படுக்கிற நேரத்துக்கு மாற்றினார். காலைச் சாயத்தண்ணியை ரொட்டிக்கு ஒரு மணித்தியாலம் முந்திக் குடித்தார். அடுத்த கிளினிக்கில் 10.1. "இப்பதானே சொன்ன பேச்சு கேட்டிருக்க" என்று அங்கே சொன்னார்களாம். இந்தத் தடவை அவர் அழவில்லை. "அம்மா, கல்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒண்ணாத்தானே குடிச்சேன், அது சரியா?" என்று கேட்டிருக்கிறார். மிட்வைஃப் அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கொப்பியை வாங்கி, கல்சியம் காலை, இரும்பு இரவு என்று தமிழில் எழுதிக் கொடுத்தாராம். 11க்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மாத்திரை தொடருகிறது.